தொட்டியைக் கவிழ்க்கச் சொல்கிறவர்களுக்கு

ஐப்பசி பிறந்ததும் எங்கள் பக்கத்து ஊர்களுக்கு ஒரு ஆட்டோ வரும். மேலே குழாய் ஒலிபெருக்கி, பக்கத்தில் கொசுப் படம் போட்ட பேனர். ‘வாரம் ஒருமுறை தண்ணீர்த் தொட்டிகளைக் கவிழ்த்து, நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து…’ என்று பதிவுசெய்த பெண்குரல் சொல்லிக்கொண்டே போகும். கோவில்பட்டிக்கும் எட்டயபுரத்துக்கும் நடுவே இருக்கிற எங்கள் ஊரில் அந்த ஆட்டோ வருகிற இடைவெளியைவிடக் குழாயில் தண்ணீர் வருகிற இடைவெளி பெரிதாக இருந்த வருடங்கள் உண்டு. எட்டு நாளைக்கு ஒருதரம், கோடையில் பதினைந்து நாளைக்கு ஒருதரம். பத்தாம் நாள் வரப்போகிற தண்ணீருக்காக வைத்திருக்கிற தண்ணீரை ஏழாம் நாள் தரையில் கொட்டச் சொல்கிற அரசாங்கத்தை என்ன செய்வது? எங்கள் தெருப் பெண்கள் சிரிப்பார்கள். ‘இவன் வீட்டுல போயி கவுத்தச் சொல்லு’ என்பார்கள். அவ்வளவுதான் அவர்களால் செய்ய முடிந்த விமர்சனம்.

இதைத்தான் நாம் விழிப்புணர்வு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இந்த வார்த்தை மேலேயே கோபம். ஜனங்கள் தூங்குகிறார்கள், நாம் எழுப்புகிறோம் என்ற பாவனை அதில் இருக்கிறது. கரிசல்காட்டுப் பெண்ணைவிடத் தண்ணீர் விஷயத்தில் விழித்திருக்கிற ஜீவன் யார் இருக்கிறார்கள் சொல்லுங்கள். ராத்திரி ஒரு மணிக்குக் குழாயில் காத்து சீறுகிற சத்தத்துக்கு எழுந்து குடத்தோடு ஓடுகிறவளிடம் போய் விழித்துக்கொள் என்கிறோம்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவைப் பற்றி ஆட்டோ சொல்கிறது: நல்ல தண்ணீரில் முட்டையிடும், பகலில் கடிக்கும். சரி. ஆட்டோ சொல்லாதது என்ன? அது முட்டையைத் தண்ணீருக்குள் போடுவதில்லை. தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே, ஈரமான சுவரில் ஒட்டிவைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி உயிரோடு கிடக்கும். மறுபடி தண்ணீர் ஏறி முட்டையை நனைத்ததும் புழு பொரியும். எங்கள் வெக்கையில் அந்தப் புழு கொசுவாகப் பறக்க ஏழிலிருந்து பத்து நாள். தண்ணீர் விடுகிற முறையையும் இந்தக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழாய் திறந்த அன்று தொட்டி நிறைகிறது, சுவரில் இருந்த முட்டை நனைகிறது, அடுத்த தண்ணீர் வருவதற்குள் கொசு தயார். எட்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் விடுகிற ஒரு குடிநீர்த் திட்டம், தெரிந்தோ தெரியாமலோ, கொசுவுக்குக் கால அட்டவணை போட்டுக் கொடுத்திருக்கிறது.

கரிசல் என்றால் உங்களில் பலருக்கு ‘கோபல்ல கிராமம்’, ‘வெக்கை’, ‘சூல்’. நல்லது, எனக்கும்தான். ஆனால் இந்த இலக்கியத்தைப் படித்துவிட்டுத் தாகத்தை ஒரு அழகியலாகக் கொண்டாடுகிற பழக்கம் நமக்குள் வந்துவிட்டது. இடைசெவல் பார்க்க பஸ் ஏறி வருகிறவர்கள் வெடித்த நிலத்தைப் போட்டோ எடுக்கிறார்கள். அந்த ஊர் வீட்டுப் பின்கட்டில் மூடியில்லாத சிமெண்டுத் தொட்டியை யாரும் எடுப்பதில்லை. கண்மாய் போய், ஊருணி போய், கிணற்றில் உப்புத் தண்ணீர் மட்டும் மிஞ்சி, சீவலப்பேரியிலிருந்து குழாயில் வருகிற தாமிரபரணியை நம்பி வாழ்கிற இடத்தில் தொட்டிதான் புதிய கண்மாய். கண்மாயில் மீனும் தவளையும் புழுவைத் தின்றன. தொட்டியில் தின்ன யாருமில்லை.

2012 கோடையில் திருநெல்வேலி மாவட்டம் பட்டதை மறந்திருப்பீர்கள். கடையநல்லூர்ப் பக்கம் வீட்டுக்கு வீடு காய்ச்சல். அந்த வருடம் தமிழ்நாட்டில் 12,826 பேருக்கு டெங்கு, 66 பேர் சாவு என்று மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. 2017இல் 23,294 பேர், 65 சாவு. இந்த எண்களைக் கையில் பிடிக்கும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். எலைசா முறையில் உறுதியானால்தான் அரசுக் கணக்கில் டெங்கு. தனியார் லேபில் சில நிமிடங்களில் பார்க்கிற என்எஸ்1 அட்டைச் சோதனையில் கோடு விழுந்தால் அது ‘சந்தேகம்’ மட்டுமே. அந்தச் சந்தேகத்தோடு செத்துப்போகிறவர்களுக்கு நம் பத்திரிகைகள் ஒரு பெயர் வைத்திருக்கின்றன: மர்மக் காய்ச்சல். என்ன மர்மம்? 1950களிலும் 60களிலும் வேலூரில் இந்த வைரஸைப் பிரித்தெடுத்து ஆராய்ச்சி செய்தாயிற்று. மருத்துவப் பூச்சியியலுக்கென்று மதுரையில் ஒரு மத்திய ஆராய்ச்சி மையமே வைத்தாயிற்று. அறுபது வருடம் கழித்தும் மர்மமாம்.

தொட்டி விஷயம் இருக்கட்டும். அதைவிட மோசமாக நாம் ஜனங்களுக்குத் தப்பாகச் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு. தட்டணு.

டெங்கு என்றால் பிளேட்லெட். டீக்கடையில் கேளுங்கள், தீப்பெட்டி ஆபீஸில் கேளுங்கள், ‘அவருக்கு நாப்பதாயிரத்துக்கு வந்துட்டாம்’ என்று பங்குச் சந்தை மாதிரிப் பேசுவார்கள். வாட்ஸ்அப்பில் பப்பாளி இலைச் சாறு. ரத்தம் வேண்டி ஸ்டேட்டஸ். எண் ஏறினால் பிழைத்தான், இறங்கினால் போனான். இது பெரிய அளவில் தப்பு. டெங்குவில் தட்டணு குறையும், உண்மைதான். ஆனால் ஆளைக் கொல்வது பெரும்பாலும் வேறு. ரத்தக்குழாய்ச் சுவர் இளகி, ரத்தத்திலிருக்கிற நீர்ப்பகுதியான பிளாஸ்மா வெளியே கசிகிறது. வயிற்றுக்குள், நுரையீரலைச் சுற்றி, பித்தப்பைச் சுவருக்குள் போய்த் தேங்குகிறது. குழாய்க்குள் மிஞ்சுகிற ரத்தம் கெட்டியாகிறது, அளவு குறைகிறது, கை கால் சில்லிடுகிறது, அதிர்ச்சி நிலை வருகிறது. ஆள் வெளியே ஒரு சொட்டு ரத்தம் சிந்தாமலே சாகலாம்.

இந்தக் கசிவு எப்போது? காய்ச்சல் கொதிக்கும்போது அல்ல. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் விடுகிற சமயத்தில். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இந்தக் கட்டத்துக்குத்தான் அபாய அறிகுறிகளை எழுதி வைத்திருக்கிறார்கள்: விடாத வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், அசதி அல்லது தவிப்பு, வீங்கிய கல்லீரல், உடம்பில் நீர் தேங்குவது, தட்டணு சடசடவென்று இறங்கும்போதே ரத்தத்தின் கெட்டித்தன்மை ஏறுவது. கடைசியாகச் சொன்னதை ஹீமட்டோகிரிட் அல்லது பிசிவி என்பார்கள். தட்டணு பார்க்கிற அதே ரத்தச் சோதனைத் தாளில் இரண்டு வரி தள்ளி அது அச்சாகியிருக்கும். அதை யாரும் படித்துச் சொல்வதில்லை.

தட்டணு ஏற்றுவதாவது உதவுமா? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பெரியவர்களிடம் ஒரு ஆய்வு நடத்தி 2017இல் லான்செட்டில் வெளியிட்டார்கள். தட்டணு 20,000க்கோ அதற்குக் கீழோ போய், ஆனால் ரத்தக்கசிவு இல்லாதவர்கள். பாதிப் பேருக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றினார்கள், பாதிப் பேருக்கு இல்லை. ஏற்றியதால் ரத்தக்கசிவு குறையவில்லை, பக்கவிளைவுதான் கூடியது. அதே 2017 அக்டோபரில் நம் ஊரில் என்ன சண்டை தெரியுமா? ஆராய்ச்சி முடியும்வரை நிலவேம்பு கொடுக்க வேண்டாம் என்று தன் நற்பணி இயக்கத்தாரிடம் கமல்ஹாசன் சொன்னது சரியா தப்பா என்று டிவியில் ஒன்பது மணி விவாதம். நிலவேம்புக் குடிநீரைக் குடித்தார்கள், குடிக்கவில்லை, அது வேறு பேச்சு. காய்ச்சல் விடுகிற நாளில் கவனமாக இருங்கள் என்று அந்த ஒன்பது மணி விவாதங்களில் ஒருவராவது சொல்லி நான் கேட்கவில்லை.

என் சித்தி அப்போது தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். நாலு நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் காலையில் உடம்பு குளிர்ந்தது. ‘விட்டுருச்சு, இனி என்ன’ என்று வேலைக்குப் போனாள். அடுக்கினால்தானே கூலி. மத்தியானம் வலதுபக்க மேல்வயிற்றில் பிடித்து வலி, வாந்தி. டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனாள். ரத்தம் எடுத்தார்கள். ‘பிளேட்லெட் ஒரு லட்சத்துக்கு மேல இருக்கு, பயப்படாதீங்கம்மா’ என்று கேஸ் மாத்திரை எழுதி, தாளின் அடியில் ‘ஸ்கேன்’ என்றும் ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தார்கள். எதற்கு ஸ்கேன், எந்த அவசரத்தில் ஸ்கேன் என்று ஒருத்தரும் சொல்லவில்லை. சித்தி அந்தத் தாளை நாலாக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

ஏன் எடுக்கவில்லை என்று பிறகு கேட்டேன். ‘எனக்கென்ன ஸ்கேனு? நான் என்ன புள்ளத்தாச்சியா? புருசன் செத்து ஆறு வருசமாச்சி. நம்மூரு ஆளு ஒருத்தன் அந்த வாசல்ல பாத்தாம்னா போதாதா?’ என்றாள். அன்று ராத்திரி அவளுக்குக் கை கால் சில்லிட்டுவிட்டது. ஆம்புலன்ஸில் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டியூட்டியில் இருந்த சின்னப் பெண் டாக்டர், பிரசர் பார்த்த கையோடு ஸ்கேன் மிஷினை உருட்டிக்கொண்டு வந்து கட்டிலிலேயே பார்த்தார். ‘பித்தப்பை சுவர் வீங்கியிருக்கு. கல்லு இல்ல. வலது நெஞ்சுல தண்ணி கோத்துருக்கு’ என்று நர்ஸிடம் சொல்லிக்கொண்டே குளுக்கோஸ் அளவை மாற்றினார். சித்தி பிழைத்தாள். பிழைக்காமல் போக எல்லாக் காரணங்களும் இருந்தன. அதில் ஒன்று, ஸ்கேன் சென்டர் வாசலில் நிற்கக் கூசியது.

அந்தக் கூச்சத்தைப் பட்டிக்காட்டுத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. யோசித்துப் பாருங்கள். அல்ட்ராசவுண்ட் பற்றி இந்த நாட்டில் அரசாங்கம் சுவரில் எழுதிவைத்த வாசகம் ஒன்றே ஒன்றுதான். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது. 1994 சட்டம், 1996இல் நடைமுறைக்கு வந்தது, எல்லா ஸ்கேன் அறையிலும் அந்தப் பலகை மாட்டியாக வேண்டும். உசிலம்பட்டி இருக்கிற மாநிலத்தில் அந்தச் சட்டம் வேண்டும். அதை எடுக்கச் சொல்கிற டாக்டர் சங்கத்தாரோடு நான் இல்லை. ஆனால் முப்பது வருடமாக அந்தப் பலகையை மட்டுமே படித்த சனத்துக்கு ஸ்கேன் என்றால் கர்ப்பம்தானே? மேம்படுத்தப்பட்ட ஆரம்ப சுகாதார நிலையங்களில் மிஷின் இருக்கிறது, பெரும்பாலும் கர்ப்பிணிகளுக்கான நாளில் மட்டும் அதன் உறை கழறுகிறது. 2012இல் விதி இன்னும் இறுகியது: தூக்கிப்போகிற சிறு கருவியைப் பதிவுபெற்ற ஆஸ்பத்திரிக்குள் உள்நோயாளிகளுக்கோ, பல சேவைகள் சேர்ந்த நடமாடும் மருத்துவ வண்டியிலோதான் பயன்படுத்தலாம். கிராமத்துக் காய்ச்சல் முகாமுக்கு ஒரு டாக்டர் தன் பையில் அதைப் போட்டுக்கொண்டு போய்விட முடியாது. கள்ளத்தனமாகப் பாலினம் பார்க்கிறவனைப் பிடிக்கப் போட்ட வலை, காய்ச்சல்காரன் வீட்டுக்குக் கருவி போகிற வழியையும் மறித்துக்கொண்டிருக்கிறது. வலையை அறுக்க வேண்டாம். அதில் காய்ச்சல் காலத்துக்கென்று ஒரு வாசல் வைக்க முடியாதா? பதிவேடு வைக்கலாம், கருவியின் நடமாட்டத்தைக் கண்காணிக்கலாம், சுகாதாரத் துறைக்கு இதெல்லாம் தெரியாத வேலை அல்ல.

இது வெளிநாட்டு அறிவும் அல்ல. சென்னையில், போரூர் ராமச்சந்திராவின் கதிரியக்க மருத்துவர்கள் வெங்கட சாய் முதலியோர் ஒரு டெங்குப் பரவலின்போது 128 பேரை ஸ்கேன் செய்து, 2005இல் பிரிட்டிஷ் கதிரியக்க இதழில் கட்டுரை எழுதினார்கள். அந்த 128இல் 40 பேரைக் காய்ச்சலின் இரண்டாம் மூன்றாம் நாளிலேயே பார்த்தார்கள். நாற்பது பேருக்குமே பித்தப்பைச் சுவர் தடித்திருந்தது, சுற்றி நீரும் இருந்தது. அவர்களையே ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள் திரும்பப் பார்த்தபோது பாதிப் பேருக்கு மேல் வயிற்றில் நீர். 2007இல் பாங்காக்கில் தினமும் ஸ்கேன் செய்து பார்த்தவர்களும் கசிவு நாம் நினைப்பதைவிடச் சீக்கிரமாகவே, சிலருக்குக் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருக்கும்போதே ஆரம்பித்துவிடுகிறது என்று கண்டார்கள். மார்பு எக்ஸ்ரேயிலோ கைவைத்துப் பார்த்தோ தெரியாத சின்ன அளவு நீரை ஒலி அலை காட்டிவிடும். ஸ்கேன் திரையில் நீர் கறுப்பாகத் தெரியும். பழகின கைக்குச் சில நிமிட வேலை.

இந்த ஆய்வையும் கண்ணைமூடிக் கும்பிட வேண்டாம். அந்த 128 பேரும் ரத்தச் சோதனையில் டெங்கு உறுதியானவர்கள். டெங்கு இல்லாத காய்ச்சல்காரர்கள் எத்தனை பேருக்குப் பித்தப்பை அப்படி வீங்கும் என்ற கேள்விக்கு அதில் பதில் கிடைக்காது. வீங்கத்தான் செய்யும். மஞ்சள் காமாலையில் வீங்கும், எலிக்காய்ச்சலில் வீங்கும், உண்ணிக்காய்ச்சலிலும் தெரியலாம். ஆடு மேய்க்கிறவனும் விறகுக்குச் சீமைக்கருவேலத்துக்குள் நுழைகிறவளும் நிறைந்த எங்கள் பக்கத்தில், அந்த உண்ணி கடித்த இடத்துக் கறுத்த புண்ணை அக்குளிலும் இடுப்பிலும் தேடாமல், பித்தப்பையைப் பார்த்து ‘டெங்கு’ என்று எழுதினால், டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையில் பிழைக்க வேண்டியவர் போய்விடுவார். இன்னொரு ஆபத்தும் உண்டு. வீங்கிய பித்தப்பையைப் பார்த்து, காய்ச்சலின் நாளைக் கேட்காமல், பித்தப்பை அழற்சி என்று கத்தி எடுத்துவிடலாம். கசிந்துகொண்டிருக்கிற உடம்பில் அறுவைச் சிகிச்சை செய்தால் என்ன ஆகும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

ஆகவே எனக்கு வேண்டியது இன்னொரு சென்னை ஆய்வு அல்ல. கோவில்பட்டி, கயத்தாறு, விளாத்திகுளம், எட்டயபுரம் ஆஸ்பத்திரிகளுக்கு வருகிற எல்லாக் காய்ச்சலையும், டெங்கு என்று முடிவான காய்ச்சலை மட்டும் அல்ல, எல்லாவற்றையும் சேர்த்து, மழைக்காலம் முழுக்கப் பார்க்கிற ஆய்வு வேண்டும். யாருக்கு, எத்தனையாம் நாள், எங்கே நீர், பிசிவி எவ்வளவு, கடைசியில் என்ன காய்ச்சல். சின்ன ஊர் ஆஸ்பத்திரி டாக்டருக்குக் கற்றுக்கொடுத்தால் அவர் கண்ணும் கதிரியக்க நிபுணரின் கண்ணும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதையும் அதிலேயே பார்த்துவிடலாம். நம் ஊர் உடம்புகளில் செய்த ஆராய்ச்சி வெளிநாட்டு இதழில் கிடக்க, அதிலிருந்து ஒரு வரிகூட நம் ஊர்ச் சுவருக்கு வராமல் போனது எந்த ஆராய்ச்சியாளரின் குற்றமும் அல்ல. ஆராய்ச்சியைச் சுவருக்குக் கொண்டுவர வேண்டிய ஆட்கள், கொசுப் படத்தில் திருப்திப்பட்டுவிட்டார்கள்.

‘நீ ஸ்கேன் சென்டர்காரனுக்கு வக்காலத்து வாங்குகிறாய்’ என்று ஒரு நண்பர் சொன்னார். டவுனில் தலைவலிக்கும் ஸ்கேன் எழுதுகிறார்கள், கமிஷன் போகிறது, அது எல்லாருக்கும் தெரியும். அந்த வியாபாரம் பிழைப்பதே யாருக்கும் ஸ்கேன் எதற்கென்று தெரியாததால்தானே? எனக்கு ஏன், இன்றைக்கு ஏன் என்று கேட்கத் தெரிந்தவளிடம் வீண் ஸ்கேனை விற்க முடியாது. தேவையான ஸ்கேனை அவள் மடித்துப் பர்சில் வைக்கவும் மாட்டாள். இன்னொன்று, காய்ச்சல் வந்த எல்லாருக்கும் ஸ்கேன் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலான டெங்கு, ஓய்வு, கஞ்சி, உப்புச் சர்க்கரைக் கரைசல், பாராசிட்டமால் என்று வீட்டிலேயே தீரும். வலிக்கு இபுபுரூஃபன், ஆஸ்பிரின் மட்டும் கூடாது. வயிறு வலிக்கிறவர், வாந்தி நிற்காதவர், பிசிவி ஏறுகிறவர், கர்ப்பிணி, குழந்தை, சர்க்கரை வியாதிக்காரர், இவர்களுக்குத்தான் அந்தக் கருவி. கசிவு தெரிந்ததும் குளுக்கோஸைக் கொட்டுவதும் தப்பு. கசிந்த நீர் இரண்டொரு நாளில் திரும்ப உள்ளே வரும்போது, ஏற்றிய நீரும் சேர்ந்து நுரையீரலை நிரப்பிவிடும். அளந்து கொடுக்கிற கை வேண்டும்.

அபராத விஷயத்துக்கும் வருகிறேன், அதை விட்டுவிட்டால் பாதிக் கோபம் பாக்கி நிற்கும். 2017இல் வீட்டில் கொசுப்புழு இருந்ததென்று ஊர் ஊராக அபராதம் போட்டார்கள். 1939ஆம் வருடத்துப் பொதுச் சுகாதாரச் சட்டம் கையில் இருக்கிறது. எங்கள் தெருவில் டார்ச் அடித்துத் தொட்டி பார்த்து, அபேட் மருந்து ஊற்ற வந்த கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் யார்? அதே தெருக்களின் பெண்கள், தினக்கூலி, நிரந்தரம் கிடையாது. மருந்து ஊற்றினால் தண்ணீர் வாடை அடிக்கிறது என்று இவள் தடுக்க, ஊற்றாவிட்டால் சூப்பர்வைசர் ஏசுவார் என்று அவள் கெஞ்ச, இரண்டு ஏழைகள் ஒரு தொட்டியின் இரு பக்கமும் நின்று சண்டை போட்டார்கள். எட்டு நாள் தண்ணீர் விடாதவருக்கு யார் அபராதம் போட்டார்கள்?

நான் கேட்பது பெரிய காரியமில்லை. குழாய் எந்தத் தெருவுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை திறக்கப்பட்டது என்ற கணக்கு நகராட்சியிலும் ஊராட்சியிலும் இருக்கும். எந்தத் தெருவில் எத்தனை காய்ச்சல் என்ற கணக்கு சுகாதாரத் துறையில் இருக்கும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டு, ஐப்பசிக்கு முன்னால் வெளியிடுங்கள். ஏழு நாளைக்கு மேல் இடைவெளி விழுகிற தெருக்களுக்கு, வலை கட்டின மூடியை ஓசியாகக் கொடுங்கள். கவிழ்க்க முடியாத தொட்டியை மூடலாம். தேய்க்கச் சொல்வதானால், தண்ணீர் வருகிற அன்று, தொட்டி காலியாக இருக்கிற அந்த ஒரு மணி நேரத்தில், உள்சுவரை நாரால் தேய்க்கச் சொல்லுங்கள். முட்டை அங்கேதான் ஒட்டியிருக்கிறது. ஆட்டோவில் ஓடுகிற அந்தப் பதிவை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று பதிவுசெய்யுங்கள். காய்ச்சல் விட்ட நாளும் அதற்கடுத்த இரண்டு நாளும் வேலைக்குப் போகாதீர்கள், வயிறு வலித்தால் வாந்தி நிற்காவிட்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், பிளேட்லெட்டோடு பிசிவியும் கேளுங்கள், ஸ்கேன் எழுதினால் எடுங்கள், அது வயிற்றிலும் நெஞ்சிலும் தண்ணீர் கோத்திருக்கிறதா என்று பார்க்கத்தான். அந்த மூன்று நாள் கூலியைத் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி கொடுப்பாரா, அரசாங்கம் கொடுக்குமா என்பதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் ஐந்தாம் நாள் காலையில் அவள் மறுபடியும் கட்டை அடுக்கத்தான் போவாள்.